கூட்டாளிக்கு மட்டும் ஏன் அத்தனை கூட்டாளிகள்?

மலேசியாவின் போர்ட்டிக்சன் பக்கம் ஒரு தோட்டம். சுவா பெத்தோங், பிராட்வால், ஆத்தர்டன் என்று எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே படிவம் ஐந்து முடித்துவிட்டு எஸ்.பி.எம். தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணிடம், இன்ஸ்டாகிராமில் உன்னை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், உன் கூட்டாளிகளை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கு முந்நூறு சொச்சம். அவங்களுக்கெல்லாம் ஆயிரத்துக்கு மேல" என்பாள். அந்தக் கூட்டாளிகளைத் தேடிப் போய் அதே கேள்வியைக் கேட்டால், அவர்களில் பெரும்பாலோரும் இதையேதான் சொல்வார்கள். பகாவில் கேட்டாலும், லாபுவில் கேட்டாலும், சிரம்பான் பட்டணத்துப் பிள்ளைகளிடம் கேட்டாலும் பதில் மாறப்போவதில்லை.

எல்லாரும் தன் கூட்டாளியைவிடக் குறைச்சல் என்றால், அந்தக் கூட்டாளி யார்? அவரும் இந்த 'எல்லாரில்' ஒருவர்தானே?

பெரியவர்கள் இதைத் தாழ்வு மனப்பான்மை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். மனசுக்குள் போவதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. இந்த விஷயத்தில் முதல் குற்றவாளி கணக்குதான்.

ஒரு லயத்தில் ஐந்து வீடு, வீட்டுக்கு ஓர் இளவட்டம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வீட்டுப் பையன் தோட்டத்துப் பந்துக் குழுவுக்குக் கோல்கீப்பர். மோட்டார் பழுதுபார்க்கத் தெரியும், வாயும் கொஞ்சம் நீளம். மற்ற நான்கு வீட்டோடும் அவனுக்குப் பழக்கம். முதல் வீட்டுப் பெண்ணும் இரண்டாம் வீட்டுப் பெண்ணும் ஒன்றாகப் படித்தவர்கள், அதனால் தங்களுக்குள்ளும் கூட்டு. நாலாம் வீட்டுக்கும் ஐந்தாம் வீட்டுக்கும் கோல்கீப்பரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

எண்ணிப் பாருங்கள். கோல்கீப்பருக்கு 4 கூட்டாளிகள், முதல் இரண்டு வீட்டுக்கும் தலா 2, கடைசி இரண்டு வீட்டுக்கும் தலா 1. மொத்தம் 10. ஐந்து பேருக்குப் பங்கிட்டால் சராசரி 2. இந்த லயத்தில் ஒருவருக்கு 'இயல்பான' கூட்டு என்றால் இரண்டு பேர். அதுதான் உண்மை நிலவரம்.

இனி அவரவர் தன் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்க்கட்டும். நாலாம் வீட்டுப் பையனுக்குத் தெரிந்த ஒரே ஆள் கோல்கீப்பர்: தனக்கு 1, அவனுக்கு 4. ஐந்தாம் வீட்டிலும் அதே கதை. முதல் வீட்டுப் பெண் பார்ப்பது இரண்டு பேரை. ஒருவனுக்கு 4, இன்னொருத்திக்கு 2, சராசரி 3. தனக்கோ 2. இரண்டாம் வீட்டுக்கும் அச்சு அசல் அதே கணக்கு. ஆக ஐந்து பேரில் நான்கு பேர், 'என்னைவிட என் கூட்டாளிகளுக்கு ஆள் பலம் அதிகம்' என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் தப்பாக எண்ணவில்லை.

கோல்கீப்பர் ஒரே ஆள்தான், ஆனால் நான்கு பேருடைய பட்டியலில் நான்கு முறை ஏறிவிடுகிறான். தனிமையாக இருக்கும் நாலாம் வீட்டுப் பையனோ ஒரே ஒரு பட்டியலில்தான் இருக்கிறான். கூட்டாளி அதிகம் உள்ளவர், அந்த அதிகத்தினாலேயே, அதிகம் பேர் கண்ணில் படுகிறார். கூட்டாளி குறைந்தவர்கள் யார் கண்ணிலும் அவ்வளவாகப் படுவதில்லை. நம் நண்பர் பட்டியல் ஊரின் நேர்மையான மாதிரி அல்ல. கூட்டம் சேர்த்தவர்கள் பக்கமாகச் சரிந்த சாய்மாதிரி. இதை 1991-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் ஓர் ஆய்வுக் கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினார். நட்பு முரண் என்று இதைத் தமிழில் சொல்லலாம். அப்போது முகநூல் பிறக்க இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன.

பிறந்தபின், அந்தக் கணக்கைச் சரிபார்க்க ஒரு பிரம்மாண்டமான லயமே கிடைத்தது. 2011-இல் முகநூல் நிறுவன ஆய்வாளர்களும் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 72 கோடியே 10 லட்சம் பேரின் நட்பு வலையை எண்ணிப் பார்த்தார்கள். சராசரிப் பயனருக்கு 190 நண்பர்கள். அவருடைய நண்பர்களுக்குச் சராசரியாக 635. நூற்றில் சுமார் 93 பேர் தம் நண்பர்களின் சராசரிக்குக் கீழே இருந்தார்கள். தோட்டத்துப் பெண்ணின் ஏக்கம் முகநூல் உலகத்தில் நூற்றுக்கு 93 பேருக்குச் சொந்தம்.

முகநூல் நட்புக்காவது இரண்டு பக்கமும் சம்மதம் வேண்டும். டிக்டாக், இன்ஸ்டாகிராமில் அதுவும் வேண்டாம். கோலாலம்பூர்ப் பாடகரையும் சென்னை நடிகையையும் நாம் பின்தொடர்வோம், அவர்கள் நம்மைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். சாய்வு இன்னும் செங்குத்தாகிறது. போதாக்குறைக்கு, கூட்டம் உள்ளவர்கள் அடிக்கடி பதிவும் போடுகிறார்கள். ட்விட்டரை ஆராய்ந்த ஒரு குழு 2013-இல் இதைக் காட்டியது: நாம் பின்தொடர்பவர்களுக்கு நம்மைவிட ஆளும் அதிகம், அவர்கள் போடும் பதிவும் அதிகம். அடுத்த ஆண்டில் வேறு இருவர் விஞ்ஞானிகளையே எடுத்துக்கொண்டு எண்ணினார்கள். பெரும்பாலான விஞ்ஞானிகளுக்கு, தம்மோடு சேர்ந்து கட்டுரை எழுதுபவர்களின் பேர் தம்மைவிட அதிகமாக மேற்கோள் காட்டப்படுகிறதாம். பேராசிரியர்களுக்கே இந்தக் கதி.

இவ்வளவும் யார் கண்ணில் படுகிறார்கள் என்பதைப் பற்றியது. கண்ணில் படுபவர் எதைக் காட்டுகிறார் என்பது அடுத்த சல்லடை.

சுயவிளம்பரம் என்பது கைப்பேசி கொண்டுவந்த வியாதி என்று சொல்பவர்களை ஏதாவது ஒரு தோட்டத்துக் கோயிலுக்கு அழைத்துப் போய், அண்ணாந்து குழல் விளக்கைப் பார்க்கச் சொல்லவேண்டும். 'உபயம்: இன்னார் குடும்பத்தார்' என்று சிவப்புப் பெயிண்டில், எழுத்து மறைத்த இடத்தில் வெளிச்சமே இறங்காத அளவுக்கு எழுதியிருக்கும். திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்பதில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. அதற்கும் முன்னால், தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில், சிரம்பானுக்குப் போய் ஸ்டூடியோவில் பிடித்த படம் கடிதத்தோடு நாகப்பட்டினம் போய்ச் சேரும். படத்தில் சலவைச் சட்டை, கைக்கடிகாரம், காலில் சப்பாத்து, பின்னால் திரையில் வரைந்த மாளிகை. பெரட்டு எனும் விடியற்காலை ஆள்கணக்கெடுப்பும், கொசுக்கடியில் பால் வெட்டும் கையும் அந்தப் படத்தில் இருக்காது. ஊரில் அதைப் பார்த்தவர்கள் மலாயாவில் எல்லாரும் மாளிகையில் இருக்கிறார்கள் என்று எண்ணியிருந்தால், அவர்களும் சாய்மாதிரியைத்தான் நம்பினார்கள்.

தன்னைப் பிறருக்குக் காட்டிக்கொள்ளும் இந்த வேலைக்குச் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் ஒரு கோட்பாடே கட்டினார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் தங்கி, அங்கிருந்த ஒரு ஹோட்டலில் பணியாளர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் எப்படி நடக்கிறார்கள், சமையல்கட்டுக்குள் நுழைந்ததும் எப்படி மாறுகிறார்கள் என்று கவனித்தார். 1950-களில் வந்த அவருடைய நூல், மனிதர்கள் எல்லாருக்கும் ஒரு முன்மேடையும் ஒரு பின்கட்டும் உண்டு என்றது. தோட்டத்து லயத்தில் என்ன விசேஷம் என்றால், அங்கே பின்கட்டு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. இரவு நடந்த சண்டை காலையில் பெரட்டுக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். திருவிழாவில் பட்டு வேட்டியோடு நின்றவர் கடையில் எத்தனை மாதக் கணக்குப் பாக்கி வைத்திருக்கிறார் என்பதும் தெரியும். எவ்வளவு பெரிய முன்மேடை போட்டாலும் பார்ப்பவர்கள் கழித்துக்கொண்டே பார்த்தார்கள். கைப்பேசித் திரையில் அந்தக் கழிவு நடப்பதில்லை. அடுத்த வீட்டு மைவி காடியில் சாய்ந்து எடுத்த படம் சொந்தக் காடி என்றே போய்ச் சேரும்.

சரி, கணக்கு சாய்ந்திருக்கிறது. அதனால் ஏன் வலிக்கவேண்டும்?

தன்மதிப்பு என்று ஒன்று மனிதனுக்கு எதற்காக இருக்கிறது என்பதே உளவியலாளர்களை நெடுங்காலம் குழப்பிய கேள்வி. வில்லியம் ஜேம்ஸ் 1890-இல், ஒருவர் சாதித்ததை அவர் ஆசைப்பட்டதால் வகுத்தால் வருவதுதான் அது என்றார். ஆசையைக் குறைத்தாலும் விடை கூடும் என்பது இதிலுள்ள குறும்பு. 1995-இல் மார்க் லீரியும் உடனாய்வாளர்களும் வேறு பக்கமிருந்து வந்தார்கள். தன்மதிப்பு நாம் சேர்த்துவைக்கும் சொத்தே அல்ல, அது ஓர் அளவி என்றார்கள். சுற்றியிருப்பவர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார்களா, ஒதுக்குகிறார்களா என்பதை அது இடைவிடாமல் கவனித்து, ஒதுக்கல் தென்பட்டதும் உள்ளே சுருக்கென்று குத்துகிறது. கூட்டத்தை விட்டுத் தள்ளப்பட்டவன் காட்டில் பிழைக்கமுடியாது என்றிருந்த காலத்தில் உருவான எச்சரிக்கை இது. அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சமூகமானி எனலாம்.

ரப்பர் காலத்தில் பால் ஸ்டோரில் நின்றவர்களுக்கு மானி புதிதல்ல. வெட்டுமரத்துக்காரர் வாளியில் கொண்டுவரும் பாலை முதலில் அளப்பார்கள். அதோடு விட்டுவிட்டால், வரும் வழியில் ஆற்றுத் தண்ணீரைக் கலந்தவர் கொழுத்துப்போவார். அதனால் தோட்டத்துக் கணக்கரான கிராணி, மெட்ரோலாக் என்ற மிதவையைப் பாலில் விடுவார். ரப்பர் தண்ணீரைவிட லேசு. ரப்பர் நிறைந்த பாலில் மிதவை ஆழமாக இறங்கும், தண்ணீர் சேர்ந்த பாலில் மேலே எழும்பி நிற்கும். எத்தனை கேலன் என்பதும், கேலனுக்குள் எவ்வளவு ரப்பர் என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு. லயத்து வாழ்க்கையில் சமூகமானிக்கு இந்த இரண்டு அளவும் கிடைத்துவந்தன. உன்னை எத்தனை பேருக்குத் தெரியும் என்பது ஒன்று. சாவு வீட்டில் ராத்திரி முழுக்க நின்றவன் நீதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்பது இன்னொன்று. கைப்பேசி கேலனை மட்டும் காட்டுகிறது, அதுவும் நிமிடத்துக்கு நிமிடம். மிதவையை விரலால் அமுக்கிப் பிடித்தால் மானி நல்ல அளவு காட்டும். பாலில் ரப்பர் கூடியிருக்காது.

சமூகமானி என்று ஒன்று உள்ளே இருக்கிறது என்பதை எப்படி அறிந்தார்கள்? மண்டையைத் திறந்து பார்க்க முடியாது. ஒதுக்கலைக் கொஞ்சமாக ஊட்டி, என்ன ஆகிறது என்று பார்க்கலாம். கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் தம் நாயோடு உட்கார்ந்திருந்தார். அந்நியர் இருவர் எறிந்து விளையாடிய பிளாஸ்டிக் தட்டு அவர்மீது வந்து விழுந்தது. திருப்பி எறிந்தார், அவர்களும் இவருக்கு எறிந்தார்கள், கொஞ்ச நேரம் மூவரும் விளையாடினார்கள். பிறகு அந்த இருவரும் காரணம் சொல்லாமல் இவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் எறியத் தொடங்கினார்கள். முன்பின் தெரியாத ஆட்கள், அற்ப விளையாட்டு. ஆனாலும் மனசு சுருங்கிப்போனது. அதைக் கணினி விளையாட்டாக மாற்றி 2000-இல் வெளியிட்ட ஆய்வில் 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேர் கலந்துகொண்டார்கள். திரையில் பந்து வராமல் ஒதுக்கப்பட்டவர்களின் தன்மதிப்பு சில நிமிடங்களிலேயே இறங்கியது. பிறகு 2004-இல், எதிரில் விளையாடுவது மனிதர்களே அல்ல, வெறும் கணினி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதித்தார்கள். அப்போதும் இறங்கியது. மானிக்குக் காரணம் கேட்கத் தெரியாது. படத்துக்கு விருப்பக்குறி விழாமல் போனதற்குக் காரணம் ஆட்கள் வெறுத்ததா, ஏதோ ஒரு நிரல் அந்தப் படத்தை அவர்களுக்குக் காட்டாமலே விட்டதா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

விருப்பக்குறிக்கே ஒரு சோதனை நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் லாரன் ஷெர்மன் குழுவினர் 13 முதல் 18 வயதுக்குட்பட்ட 32 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, இன்ஸ்டாகிராம் போன்ற திரையில் படங்களைக் காட்டினார்கள். சில அந்தப் பிள்ளைகளே எடுத்த படங்கள். எந்தப் படத்துக்கு எத்தனை விருப்பக்குறி என்பதை ஆய்வாளர்களே தீர்மானித்தார்கள், பிள்ளைகளோ மற்ற பிள்ளைகள் போட்டது என்று நம்பினார்கள். தன் படத்துக்குக் குறி அதிகம் விழுந்ததைப் பார்த்தபோது, பரிசு கிடைக்கும்போது விழித்துக்கொள்ளும் மூளைப்பகுதி கூடுதலாக இயங்கியது. 2016-இல் வந்த இந்த ஆய்வில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. குறி அதிகம் உள்ள படத்துக்கே அவர்களும் குறி போட்டார்கள். படத்தைப் பார்த்துப் போடவில்லை, கூட்டத்தைப் பார்த்துப் போட்டார்கள். அந்தக் கூட்டமோ ஆய்வாளர்கள் இட்டுக்கட்டியது.

பரிசு வந்த திசையில் கை மறுபடி போகும். 2021-இல் வெளியான ஓர் ஆய்வு 4,000-க்கும் மேற்பட்டவர்களின் பத்து லட்சத்துக்கும் அதிகமான பதிவுகளை எடுத்து, ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையே எவ்வளவு நேரம் விட்டார்கள் என்று கணக்கிட்டது. விருப்பக்குறி மளமளவென்று விழும்போது இடைவெளி சுருங்குகிறது, குறையும்போது நீள்கிறது. பெட்டிக்குள் அடைத்த எலி, தீனிக்காக நெம்புகோலை அழுத்தும் வேகத்தை எப்படி மாற்றிக்கொள்ளும் என்று பழைய ஆய்வுக்கூடங்கள் கண்டனவோ, அதே வெகுமதிவழிக் கற்றல் இங்கேயும் தெரிந்தது.

இதுவரை படித்தவர்கள், கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டவேண்டும் என்று நான் சொல்லப்போவதாக நினைக்கலாம். லயத்துச் சமூகமானியைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அங்கே சாதி கேட்டு அளந்தார்கள், பெண் படித்தால் அளந்தார்கள், அப்பன் குடிகாரன் என்றால் மகனையும் சேர்த்து அளந்தார்கள். ஒருமுறை விழுந்த பேர் தோட்டத்தை விட்டுப் போனால்தான் கழுவப்படும். பட்டணத்துப் பள்ளிக்குப் போனால் 'எஸ்டேட் பையன்' என்ற இன்னொரு முத்திரை காத்திருக்கும். அப்படி இரண்டு பக்கமும் மட்டம் தட்டப்பட்ட பிள்ளைக்கு, தானே தேர்ந்தெடுத்த நாலு படத்தோடு தன்னைப் பற்றி ஒரு பக்கம் போட்டுக்கொள்ள முடிவது சின்ன விஷயமில்லை.

அந்தப் பக்கமே மருந்தாகவும் வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏமி கொன்சாலஸ், ஜெஃப்ரி ஹான்காக் இருவரும் 63 மாணவர்களைத் தனித்தனியே கணினி முன் சிறிது நேரம் உட்காரவைத்தார்கள். சிலர் முன்னால் கண்ணாடி, சிலர் முன்னால் அவர்களுடைய முகநூல் பக்கம், மற்றவர்களுக்கு எதுவுமில்லை. 2011-இல் அவர்கள் சொன்ன முடிவு: தன் முகநூல் பக்கத்தைப் பார்த்தவர்களின் தன்மதிப்பு மற்றவர்களைவிட உயர்ந்திருந்தது, பார்த்துக்கொண்டே அதில் திருத்தம் செய்தவர்களுக்கு இன்னும் அதிகம். கண்ணாடி இருப்பதைக் காட்டும். முகநூல் பக்கம் நாம் பொறுக்கி எடுத்ததைக் காட்டும்.

அடுத்த திருப்பத்தைக் கேட்டலினா தோமா 2013-இல் கொடுத்தார். தன் பக்கத்தைச் சில நிமிடங்கள் பார்த்தவர்களிடம் ஒரு பெரிய எண்ணைக் கொடுத்து, ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். பக்கத்தைப் பார்க்காதவர்களைவிட இவர்கள் குறைவான முறையே கழித்தார்கள். தன்னைப் பற்றிய நல்லெண்ணம் ஏற்கெனவே வயிறு நிறைய இருந்ததால், நிரூபித்துக் காட்டவேண்டிய பசி குறைந்துவிட்டது என்பது அவருடைய விளக்கம். ஒரு சிறு ஆய்வை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் பரீட்சைக்கு முந்தின இரவில் தன் படங்களையே புரட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது புதுச் செய்தியாகவும் இருக்காது.

ஒரே கேலன் கணக்கு எல்லாரையும் ஒரே மாதிரி ஆட்டுவதில்லை. இதிலும் கார்னெல்லில் ஒரு சோதனை. ஆந்தனி பரோ, நிக்கலெட் ரெய்னோன் இருவரும் மாணவர்களைப் படமெடுத்துப் போடச் சொல்லி, உன் படத்துக்கு விழுந்த குறி மற்றவர்களைவிடக் குறைவு, சராசரி, அதிகம் என்று தாங்களே ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். அதிகம் என்று கேட்டவர்களின் தன்மதிப்பு உயர்ந்தது. ஆனால் வாழ்க்கையில் ஒரு நோக்கம் உண்டு என்று முன்பே விடையளித்திருந்தவர்களிடம் அந்த ஏற்றம் அவ்வளவாக இல்லை. அதிகம் என்றாலும் குறைவு என்றாலும் அவர்கள் மானி ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. 2017-இல் வெளியான இந்த முடிவை நான் இப்படிப் படிக்கிறேன்: அவர்களுக்கு அளவு வேறு எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

யாருக்கு எங்கிருந்து வருகிறது என்பதைச் சோதனைச்சாலை சொல்லாது. கூடவே தங்கிப் பார்க்கவேண்டும். ஸ்ரீராம் வெங்கட்ராமன் என்ற மானிடவியலாளர் சென்னைக்கு வெளியே, தகவல் தொழில்நுட்பப் பூங்காவை ஒட்டிய கிராமங்களில் 15 மாதங்கள் தங்கி, அந்த வட்டாரத்துக்குப் பஞ்சகிராமி என்று மாற்றுப்பெயர் கொடுத்து 2017-இல் நூல் வெளியிட்டார். தமிழர்கள் இணையத்துக்குள் போகும்போது குடும்பம், வயது, ஆண் பெண், வர்க்கம், சாதி எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோகிறார்கள் என்பதை அவர் விரிவாகக் காட்டினார். பக்கம் ஒருவர் பேரில் இருந்தாலும், சித்தப்பா என்ன சொல்வார் என்ற கேள்விதான் படத்தைத் தேர்ந்தெடுக்கிறது. நெகிரி செம்பிலானிலும் கதை பெரிதாக வேறல்ல. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின, லயத்துக் குடும்பங்கள் நீலாய், செனவாங் என்று அடுக்குமாடிகளுக்குச் சிதறின. அந்தச் சிதறலுக்குப் பிறகு, இன்ன தோட்டத்து மக்கள், இன்ன தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள் என்று புலனக் குழுக்களும் முகநூல் குழுக்களும் முளைத்தன. யாரோ ஒருவர் பழைய வகுப்புப் படத்தைப் போடுவார். இரண்டாவது வரிசையில் மூணாவது நிற்பது யார் என்று ஒரு மணி நேரம் விவாதம் நடக்கும். பேரைச் சரியாகச் சொன்னவருக்குப் பத்து விருப்பக்குறிதான் விழும். அந்தப் பத்துப் பேரும் அவரை அரைக்கால் சட்டையில் பார்த்தவர்கள்.

மொத்தத்தில் சமூக ஊடகம் தன்மதிப்பைக் குலைக்கிறதா என்று ஒரே வரியில் கேட்டால் ஒரே வரியில் பதில் வராது. 3,55,358 பதின்பருவத்தினரின் தரவுகளை அலசி 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மனநலத்தில் காணும் வேறுபாடுகளில் அதிகம் போனால் 0.4 விழுக்காட்டைத்தான் மின்திரைப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிகிறது என்றது. கேட்பதற்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் சராசரி இங்கேயும் ஏமாற்றும். நெதர்லாந்தில் பட்டி வால்கன்பர்க் குழுவினர் பதின்பருவத்தினரின் கைப்பேசிக்கே நாளுக்குப் பல முறை கேள்வி அனுப்பி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 88 பேரின் தன்மதிப்பில் பாதிப்பே இல்லை அல்லது மிகச் சொற்பம். 4 பேருக்கு நன்மை. 8 பேருக்குக் கெடுதல். இந்த மூன்று கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால், அந்த எட்டுப் பேர் காணாமல் போய்விடுவார்கள்.

அந்த எட்டுப் பேரை நினைத்துத்தான் நிறுவனங்களும் அரசுகளும் ஏதோ செய்து பார்க்கின்றன. இன்ஸ்டாகிராம் 2019-இல் சில நாடுகளில் விருப்பக்குறி எண்ணிக்கையை மறைத்துப் பார்த்தது. 2021-இல், வேண்டியவர்கள் மறைத்துக்கொள்ளலாம் என்று பயனர் தலையிலேயே விட்டுவிட்டது. சிலருக்கு அது உதவியது, சிலருக்கு எரிச்சலூட்டியது என்பது நிறுவனம் சொன்ன காரணம். மலேசியாவில் விழிப்பு வேறு விதமாக வந்தது. 2024 ஜூலையில், டிக்டாக்கில் பலருக்கும் தெரிந்திருந்த ஒரு தமிழ்ப் பெண் இணையத்தில் இடைவிடாத வசைக்கு ஆளானபின் இறந்துபோனார். வசைபாடியவர்களில் ஒருவருக்குக் கிடைத்த தண்டனை 100 ரிங்கிட் அபராதம். அந்த நூறு ரிங்கிட் கிளப்பிய கொதிப்பில் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, துன்புறுத்தலுக்கென்றே புதிய பிரிவுகள் 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. எண்பது லட்சத்துக்கு மேல் உள்நாட்டுப் பயனர்கள் உள்ள தளங்கள் உரிமம் பெறவேண்டும் என்ற விதி அந்த ஆண்டு ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. வசையைத் தண்டிக்கச் சட்டத்தால் முடியும். சாய்மாதிரியைத் தண்டிக்க எந்தச் சட்டமும் இல்லை. அது வலைக்குள்ளேயே இருக்கிறது.

வலைக்குள்ளேயே இருப்பதால்தான் அதைப் பிடித்து வேலை வாங்கவும் முடிகிறது. 2009-இல் எச்1என்1 காய்ச்சல் பரவியபோது நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் இருவரும் ஹார்வர்டில் 744 மாணவர்களைக் கவனித்தார்கள். ஒரு பகுதியினர் குலுக்கலில் எடுத்தவர்கள். இன்னொரு பகுதியினர், அப்படி எடுத்தவர்கள் 'இவர் என் நண்பர்' என்று பேர் சொன்னவர்கள். நண்பர்கள் கூட்டத்தில் காய்ச்சல் ஏறக்குறைய இரண்டு வாரம் முன்கூட்டியே வந்துவிட்டது. பலரோடு பழகுபவருக்குக் கிருமியும் முதலில் வந்து சேர்கிறது. யார் யாரோடு பழகுகிறார்கள் என்ற முழு வரைபடம் இல்லாமலே, நோய் வருவதை முன்னதாக அறிய ஒரு வழி கிடைத்தது.

ஹொண்டுராஸ் நாட்டின் 32 கிராமங்களில் இதைத் தலைகீழாகச் செய்து, முடிவை 2015-இல் வெளியிட்டார்கள். வைட்டமின் மாத்திரையின் பயனை யாரிடம் முதலில் சொன்னால் ஊரெல்லாம் பரவும் என்பது கேள்வி. குலுக்கலில் வந்தவர்களிடம் சொன்ன ஊர்களைவிட, குலுக்கலில் வந்தவர்கள் பேர் சொன்ன நண்பர்களிடம் போய்ச் சொன்ன ஊர்களில் மாத்திரை அதிகமாகப் பரவியது. ஒரு தோட்டத்தில் டெங்கி வந்து, தொட்டித் தண்ணீரை மூடிவைக்கும் செய்தி வேகமாகப் போகவேண்டும் என்றால், சுகாதார அதிகாரி கையில் வந்த ஏதாவது ஒரு லயத்துக் கதவைத் தட்டி, "ஒங்க கூட்டாளி ஒருத்தர் பேரச் சொல்லுங்கம்மா" என்று கேட்டு, அந்த ஆளைத் தேடிப் போனால் போதும். யாரை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று எவர் கைப்பேசியையும் திறக்கச் சொல்லத் தேவையில்லை.